சாக்குத்துறைக்குக் கீழே

ஜூன் 4, புதன்

பேப்பரில் என் பெயர் வந்துவிட்டது. ஐந்தாம் பக்கம், கீழ்ப் பாதி. 'காவிரி நீரின் மேற்பரப்பில் பிளாஸ்டிக் துகள்கள்: கல்லூரிப் பேராசிரியை ஆய்வில் அதிர்ச்சி' என்று தலைப்பு. அதிர்ந்தது யார் என்று தெரியவில்லை. நான் இன்னும் உதவிப் பேராசிரியைதான். திருத்தச் சொல்லிக் கேட்கப் போவதில்லை.

இவர் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கடையில் இருந்த பிரதிகளை எல்லாம் வாங்கி வந்துவிட்டார். பேப்பர்க்காரர் என்ன நினைத்திருப்பாரோ. ஒன்றை மாமியார் வீட்டுக்கு, ஒன்றை அவருடைய ஹார்டுவேர் கடைக்கு, ஒன்றை மகளின் பள்ளிக்கூடத்துக்கு. மகள், "என் ஸ்கூலுக்கு மட்டும் வேண்டாம்மா" என்று கெஞ்சினாள்.

கல்லூரியில் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். போன வருடம் வரை என்னைக் கண்டால் "இன்னும் முடியலையா?" என்று கேட்டவர்கள் எல்லாம் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் பிஎச்.டி. முடிப்பவளை யாரும் மதிப்பதில்லை. பகுதி நேரமாகப் படித்தேன், இரண்டு முறை அவகாசம் வாங்கினேன், இதற்குமேல் கிடையாது என்று பல்கலைக்கழகம் சொன்ன பிறகு ஆய்வேட்டைக் கொடுத்தேன். பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று கல்லூரி நிர்வாகமும் சொல்லிவிட்டது. வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி.

செய்தியில் எழுதியிருப்பது சரிதான். வெள்ளாங்கரட்டில் ஆற்றங்கரையில் பெண்கள் பழைய சாக்குகளைக் கழுவுகிறார்கள். சிமெண்ட் சாக்கு, உரச் சாக்கு, கோழித் தீவனச் சாக்கு. எல்லாம் பிளாஸ்டிக் நூலில் நெய்தவை. கழுவி, காயவைத்து, கிழிசல் தைத்து வியாபாரிக்குத் திருப்பி அனுப்புவார்கள். அந்த இடத்துக்கே சாக்குத்துறை என்று பேர். அதற்கு மேலே எடுத்த நீரில் வெள்ளைச் செதில்கள் கொஞ்சம்தான். கீழே எடுத்த நீரில் அள்ள அள்ள வந்தன. இதைப் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் வேண்டியதில்லை.

ஜூன் 7, சனி

இட்லிக்கு அரைத்த மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்துவிட்டது. துடைத்து முடிக்கும்போது பச்சியப்பனின் போன். ஆய்வுக்காக என்னைப் பரிசலில் ஏற்றிப் போனவர் அவர்தான். சாக்குத்துறையில் இனி யாரும் சாக்குக் கழுவக் கூடாது என்று பேரூராட்சியில் தடை போட்டுவிட்டார்களாம். கரையில் போர்டு நட்டிருக்கிறார்களாம். "உங்க பேப்பர் கட்டிங்கையும் அதுல ஒட்டியிருக்காங்க மேடம்" என்றார். அவர் குரலில் இருந்தது பெருமையா வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை.

ஒரு ஆய்வு மூன்றே நாளில் நடவடிக்கை ஆவதை இந்த நாட்டில் யார் பார்த்திருக்கிறார்கள்? அருமைநாதன் சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். என் வழிகாட்டி அவர். சாதாரணமாக "ம்" என்பதோடு நிறுத்துகிறவர், இன்று சிரித்தார்.

ஜூன் 15, ஞாயிறு

மதியம் ஒரு அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் சுண்ணாம்பில் வெந்த மாதிரி வெடிப்பு. பெயர் தேவானை, சாக்குத்துறையில் வேலை செய்கிறவர். பச்சியப்பனிடம் விலாசம் வாங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, நானும் தயாராகத்தான் நின்றேன். அவர் சண்டை போடவில்லை. உட்காரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்தார், நாற்காலி காட்டியும் மாறவில்லை. கூட வேலை செய்த பெண்கள் சிலர் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்களாம். தான் போக முடியாதாம். வீட்டுக்காரர் ஆறுச்சாமி தை மாதத்திலிருந்து படுக்கை, வயிற்றில் கட்டி, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். சாக்குத்துறை என்றால் வேலைக்கு நடுவே ஓடிப் போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்துவிடலாம். வேறெங்கே போனாலும் அது முடியாது. நீங்கள் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் தடையை எடுப்பார்கள் என்று பேரூராட்சியில் யாரோ சொன்னார்களாம்.

பாவமாகத்தான் இருந்தது. அதற்காக அறிவியலை மாற்ற முடியுமா? பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கணினியில் படம் காட்டினேன். மாவு சலிக்கும் சல்லடையைவிட நெருக்கமான வலையை நீர் மட்டத்தில் இழுத்ததையும், அதில் சிக்கியதை வடிகட்டிப் பெரிதாக்கிப் பார்த்ததையும் விளக்கினேன். அந்த வெள்ளைச் செதில்களைப் பார்த்ததும், "ஆமாங்க, சாக்குதான்" என்று அவரே ஒத்துக்கொண்டார்.

எழுந்து செருப்பைப் போட்டவர், திரும்பி நின்று கேட்டார்: "அந்தத் தண்ணியக் குடிச்சா ஆளுக்கு என்னங்க ஆகும், டீச்சரம்மா?"

"வயித்துக்குள்ள போனா போனதுதாங்க. அப்படியே தங்கிரும். நாள்பட நாள்படக் குடலையே கெடுத்துரும்."

இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்பதுதான் என் ஆய்வேட்டில் இருக்கிறது. கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். பயம் இருந்தால்தான் விடுவார்கள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்புறம் போய்விட்டார். கொடுத்த காபி அப்படியே ஆறிப் போயிருந்தது.

ஜூன் 16, திங்கள்

மிக்ஸி மறுபடி மக்கர். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் பொடி.

ஜூலை 2, புதன்

வெளித் தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டது. நல்ல ஆய்வு என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்று அழுதேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. மாதிரி எடுக்கப் போன படகு எதனால் ஆனது, படம் இணைக்கவும் என்று கேட்டிருக்கிறார். மாதிரியில் ஆய்வாளரின் பொருட்களே கலந்துவிடக் கூடாதே, அதற்குத்தான். என்னிடமா இதைக் கேட்பது? நான்கு வருடமும் ஆற்றுக்குப் பருத்திச் சேலை தவிர வேறு கட்டிப் போனதில்லை. பச்சியப்பனின் டெரிலின் சட்டையைக் கழற்றச் சொல்லி, கைத்தறி வேட்டியும் துண்டும் நானே வாங்கிக் கொடுத்தேன். "எனக்கே கல்யாணம் பண்ணி வெக்கற மாதிரி இருக்குங்க மேடம்" என்றார் அவர். தலைக்கு மாட்டும் கிளிப்கூட உலோகம்தான். இந்த ஊரில் என்னைப்போல் ஜாக்கிரதையாக இருந்தவள் எவளும் இல்லை.

படகா, மூங்கில் பரிசல். சனிக்கிழமை போய் ஒரு படம் எடுத்து வந்தால் முடிந்தது.

ஜூலை 5, சனி

பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் நான் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. நான் போய்ச் சேரும்போதெல்லாம் அது தண்ணீரில் மிதந்துகொண்டுதான் இருக்கும். உள்ளே மூங்கில் பிளாச்சுகள், அவற்றின் மேல் எனக்காக விரித்த கோணி, கோணி மேல் பலகை. பிளாச்சுகளின் இடுக்கில் கறுப்பாக ஏதோ தெரியும். தார் பூசியிருக்கிறார்கள் என்று விட்டுவிடுவேன்.

தார்தான். தாருக்கு அடியில் சாக்கு. உரச் சாக்குகளைப் பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, மூங்கில் கூடையைச் சுற்றி இழுத்துக் கட்டி, அதன்மேல் தார் பூசியிருக்கிறார்கள். நடுவில் தரையில் உரசி உரசித் தார் போய், சாக்கு வெயிலில் வெளுத்துப் பிசிர் பிசிராக நிற்கிறது. நகத்தால் நெருடினேன். செதில் செதிலாக உதிர்ந்தது.

பச்சியப்பன் பக்கத்தில் வந்து நின்றார். "தோல் பரிசல் எல்லாம் அந்தக் காலமுங்க மேடம். இப்ப எல்லாமே சாக்குதான். தேவானையக்காகிட்ட வாங்குனது, நல்ல சாக்குங்க" என்றார். புதுச் சாக்குப் போட்டுக் கட்டத்தான் கவிழ்த்து வைத்திருக்கிறாராம்.

படம் எடுக்கவில்லை. போனில் சார்ஜ் இல்லை என்று அவரிடம் சொன்னேன். இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. இவர் அதையே ஊற்றிச் சாப்பிட்டார்.

ஜூலை 9, புதன்

மூன்று நாளாகக் கல்லூரி முடிந்ததும் ஆய்வகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பழைய மாதிரிகளை எல்லாம் எடுத்து ஒவ்வொரு செதிலையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முக்கால்வாசிக்கு மேல் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. அந்தக் கறுப்பை 'எண்ணெய்ப் படிவு' என்று ஆய்வேட்டில் எழுதி, அதற்கு ஒரு பத்தி விளக்கமும் கொடுத்திருக்கிறேன். இன்று ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டதும் கரைந்து பழுப்பாக ஓடியது. தார்.

சாக்குத்துறைக்கு மேலே எடுத்த மாதிரியில் ஏன் இது இல்லை? அங்கே பாறை. பரிசல் போகாது. நானே முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று வலையைப் பிடித்தேன். துறைக்குக் கீழேதான் ஆழம், அங்கேதான் பரிசல். பரிசல் நேராகப் போகாது, சுற்றிச் சுற்றித்தான் போகும். பின்னால் கட்டிய வலை அது உதிர்த்ததை எல்லாம் பத்திரமாக வாங்கிக்கொண்டது.

தார் ஒட்டாத செதில்களை மட்டும் தனியே பிரித்து வைத்தேன். துறைக்கு மேலேயும் கீழேயும் ஏறக்குறைய ஒரே அளவு. சாயத்துணி நூல்களும் அப்படியே, மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு. ஆற்றில் பிளாஸ்டிக் இருக்கிறது. அது எங்கள் எல்லார் வீட்டுத் துணியிலிருந்தும் குப்பையிலிருந்தும் வருகிறது. அந்தப் பெண்கள் தனியாக எதையும் கூட்டிவிடவில்லை.

காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜூலை 10, வியாழன்

அருமைநாதன் சாரிடம் நேரில் போய்ச் சொன்னேன். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகப் பேசினார். ஆற்றில் பிளாஸ்டிக் இருப்பது உண்மைதானே, முடிவின் பெரும்பகுதி தப்பில்லையே, இப்போது இதைக் கிளப்பினால் ஆய்வேடு திரும்பி வரும், அவகாசம் முடிந்துவிட்டது, திரும்பி வந்தால் வந்ததுதான் என்றார். வாய்மொழித் தேர்வு முடியட்டும், பிறகு ஒரு திருத்தக் கட்டுரை எழுதிவிடலாம், அதுவும் அறிவியலில் மரியாதையான காரியம்தான் என்றார்.

"துறைக்குத் தடை போட்டது நாம இல்லையேம்மா" என்று கடைசியில் சொன்னார்.

உண்மைதான். பஸ்ஸில் வரும்போது மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. இறங்கிக் காய்கறி வாங்கினேன். கத்திரிக்காய் நல்ல பிஞ்சு.

ஜூலை 20, ஞாயிறு

வெள்ளாங்கரட்டுக்கு இன்று போவதாக இருந்தேன். தேவானையிடமாவது சொல்லிவிடலாம் என்று. மகளுக்குத் தொண்டை வலி. விடைத்தாள் ஒரு கட்டு திருத்த வேண்டியிருந்தது. அந்த அம்மாவிடம் சொன்னால் பேரூராட்சிக்குத் தெரியும், பேரூராட்சிக்குத் தெரிந்தால் பேப்பருக்குத் தெரியும். தேர்வுக்கு அப்புறம் எல்லாரிடமும் ஒரேயடியாகச் சொல்வதுதான் முறை.

பச்சியப்பன் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். எடுக்கவில்லை. புதுச் சாக்குப் போட்டாயிற்று என்று சொல்லத்தான் இருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

மகளுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. விடைத்தாளும் முடிந்துவிட்டது. இன்றைக்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. இவருக்குக் கூட்டம் என்றால் கொண்டாட்டம், எங்களைக் கூட்டிக்கொண்டு வெள்ளாங்கரட்டுக்கே வந்துவிட்டார். வேறு துறைக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன், காரணம் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது. சாக்குத்துறையில் கார்களை நிறுத்தியிருந்தார்கள். மேடு முழுக்கக் குடும்பம் குடும்பமாகச் சித்ரான்னம். காதோலை கருகமணி, மஞ்சள், பூ எல்லாம் பிளாஸ்டிக் கவரோடு ஆற்றில் போகிறது. ரவிக்கைத் துணியும் போகிறது, அது பாலியஸ்டர். குளித்தவர்கள் ஷாம்பு உறையை அங்கேயே விடுகிறார்கள். போர்டு மட்டும் நடுவில் நின்றது: 'இங்கு சாக்குக் கழுவத் தடை.' அதன்மேல் என் செய்தி, மழையில் நனைந்து மங்கிப்போய்.

இவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத குடும்பத்திடம், "இது எங்க வீட்டம்மா" என்று காட்டினார். அவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அந்த இடத்திலேயே ஆறு என்னை அடித்துக்கொண்டு போயிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

திரும்பி வரும்போது வண்டியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் பின் சீட்டில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். இவர் படிப்பு அதிகம் இல்லாதவர் என்று நான் அவ்வப்போது குத்திக் காட்டுவதுண்டு. புரியாது என்றுதான் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அன்னிக்கு நம்ம வீட்டுக்கு வந்துச்சே ஒரு அம்மா, அதுகிட்டச் சொல்லிட்டயா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தேர்வு நடந்து முடிந்தது. அரங்கு நிறையக் கூட்டம், என் மாணவிகளே பாதிப் பேர். வெளித் தேர்வாளர் தங்கமான மனிதர். பரிசலைப் பற்றிக் கேட்டார். பதில் சொன்னேன். பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

எல்லாருக்கும் மதியச் சாப்பாடு. பாயசம் கொஞ்சம் தித்திப்பு அதிகம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். கல்லூரி முதல்வர் மைக்கில் "டாக்டர் சுகந்தி" என்றார். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் என்னைத்தான் என்று எழுந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தேர்வன்று என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கேயும் எழுதாமல் விட்டிருக்கிறேன். "டிரடிஷனல் பேம்பூ கோரக்கிள், சார்" என்றேன். பாரம்பரிய மூங்கில் பரிசல். கூடவே சிரித்தேன். அவரும் சிரித்துத் தலையை ஆட்டினார், படத்தைக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எந்த வார்த்தையும் இதற்குப் பொருந்தவில்லை.

திருத்தக் கட்டுரையை எப்போது எழுதலாம் என்று சாரிடம் கேட்டேன். பட்டமளிப்பு முடியட்டும் என்றார். அதற்குப் பிறகு வேறொன்று முடியட்டும் என்பார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? 'முடியட்டும்' என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கும் வசதியாகத்தானே இருந்தது.

சாயங்காலம் பேரூராட்சிக்கும் பேப்பருக்கும் எழுதிப் போட்டேன். பரிசல், தார், சாக்கு, எதையும் மறைக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுத உட்கார்ந்து, 'மதிப்பிற்குரிய' என்பதோடு நின்றுவிட்டேன். பட்டம் போனால் போகட்டும் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செய்தி வந்துவிட்டது. சின்னதாக, ஒரு ஓரத்தில். 'காவிரியில் பிளாஸ்டிக் இல்லை: ஆய்வு தவறு எனப் பேராசிரியை ஒப்புதல்.' நான் எழுதியது அதுவே இல்லை. ஆற்றில் பிளாஸ்டிக் இருக்கிறது, சாக்குத்துறையால் கூடவில்லை என்றுதான் தெளிவாக எழுதியிருந்தேன். நிருபரைக் கூப்பிட்டேன். இடம் இல்லாததால் சுருக்கிவிட்டோம் என்றார்.

கல்லூரி வாட்சப் குழுவில் ஒருவர் அதைப் போட்டு, 'அப்பாடா, இனி நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கலாம்' என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். முதன்முறை நான் சொன்னது பொய், உடனே நம்பினார்கள். இப்போது சொன்ன உண்மையிலிருந்து இன்னொரு பொய்யைச் செய்துகொண்டார்கள். இரண்டுக்கும் நான்தான் காரணம்.

பேரூராட்சியில் தடையை எடுத்துவிடுவதாகப் போனில் சொன்னார்கள். ஆனால் சாக்கு வியாபாரி வேறு ஊரில் மெஷின் போட்டுவிட்டாராம், இனி சாக்கு வருமா என்பது தங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இவர் வண்டியில் கூட்டிப் போகிறேன் என்றார். வேண்டாம் என்று பஸ்ஸில் போனேன். ஆப்பிள் வாங்கிப் போகலாமா என்று யோசித்து, அது ஆஸ்பத்திரிக்குப் போவது மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். வெறுங்கையோடு போனேன்.

தேவானையின் வீடு ஆற்றுக்கு ரொம்பப் பக்கம். ஒரே அறை. உள்ளே ஒரு கயிற்றுக் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அவர் நெற்றியில் பொட்டில்லை. நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை கணினி இல்லை, படம் இல்லை. உங்கள் சாக்கு இல்லை, என் பரிசலின் அடியில் இருந்த சாக்கு என்று சொன்னேன். தாரைப் பற்றிச் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எல்லாம் முடிந்ததும் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்வதுபோலக் கேட்டார்.

"அப்ப எங்களால ஆத்துத் தண்ணி கெடலீங்களா?"

"எல்லாராலயும் கொஞ்சம் கெட்டுத்தானுங்க இருக்குது, அக்கா. உங்களால தனியா ஒண்ணும் கூடல."

"அந்தத் தண்ணியக் குடிச்சுக் குடலு கெட்டுப் போகும்ன்னீங்களே."

"அது எனக்குத் தெரியாதுங்க. யாருக்கும் இன்னும் தெரியாது. நான் சும்மா மிரட்டறதுக்குச் சொன்னேன்."

அவர் புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அழவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல், கட்டிலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் ஒரு வார்த்தைகூட என் வசதிக்கு மாறிவிடக் கூடாது.

"உங்க வூட்டுல இருந்து வந்ததுல இருந்து எனக்கு ஒரே ரோசனைங்க. இத்தன வருசமா துறைக்குக் கீழ இருந்துதான் கொடத்துல மொண்டாந்து அவருக்கு ஊத்துனேன். நாங் கழுவுன சாக்குதான் அவரு வயித்துல போய்க் கட்டியா நின்னுருச்சுன்னு. யாருகிட்டயும் சொல்லல. கடசி நாளு, அவருக்குப் பேச்சு போறதுக்கு முன்னாடி, காலப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேனுங்க. என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு, மன்னிச்சுருங்கன்னு. அவரு என்னமோ சொல்ல வந்தாருங்க. வாய் வரல. அப்படியே பாத்துக்கிட்டே இருந்தாரு."

கையை நீட்டி அவர் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். பிடிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"எப்பங்க உங்களுக்குத் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். பேப்பரில் வந்ததே போன வாரம்தான், அவர் நம்பியிருப்பார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஆனி மாசமே தெரிஞ்சுருச்சுங்க, அக்கா."

"அவரு ஆடி இருபத்தஞ்சு வரைக்கும் இருந்தாருங்க, டீச்சரம்மா."

நான் குடித்த டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். அடுத்த பஸ்ஸை விட்டால் வெகுநேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லி, செருப்பைப் போட்டுக்கொண்டு நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தார். பஸ் வரும் வரை பக்கத்திலேயே நின்றார்.